முப்பத்தேழு ஜீன் சொந்தம்

அழகுராசா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை இருபதடிக்குப் பத்தடி அளவில் செய்துவிட்டான்.

தங்கச்சி மகளின் காதுகுத்துக்குக் கம்பம் பஸ் நிலையத்துக்கு எதிரே அவன் கட்டிய ஃபிளெக்ஸ் போர்டு அது. ஊரில் எல்லாரும் கட்டுகிற மாதிரிதான் கட்டினான். நடுவில் குழந்தை படம், பக்கத்தில் குழந்தையைவிடப் பெரிதாகத் தாய்மாமன் படம், கீழே சொந்தக்காரர்களின் தலைகள் தீப்பெட்டி அளவில் வரிசை வரிசையாக. அதோடு விட்டிருக்கலாம். பத்தாம் வகுப்பு பாஸானாலே மார்க் ஷீட்டைப் பெரிதாக்கிக் கட்டுகிற ஊரில், நம் பிள்ளை வாங்கியதை மட்டும் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழை அப்படியே ஸ்கேன் எடுத்துப் போட்டுவிட்டான். 'மைட்டோகாண்ட்ரியா தரச் சான்று. பெயர்: யாழ்மொழி. வயது: ஆறு மாதம். ஆற்றல் திறன்: 98.6 சதவீதம்.' அதற்குக் கீழே தாய்வழி வகை என்று ஒரு பதினாறு இலக்க எண்.

"இந்த நம்பர் எதுக்குண்ணே? பாக்க அசிங்கமா இருக்கு, எடுத்துரவா?" என்று பிரிண்டிங் கடைக்காரர் கேட்கத்தான் செய்தார்.

"எங்க வம்சத்துல எவனும் எதுலயும் தொண்ணூத்தெட்டு வாங்குனதில்ல. ஒரு எழுத்தக் கொறைக்காமப் போடு" என்றான் அழகுராசா.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் வீட்டுக்குத் தெருவில் இருந்த பேரே தூங்குமூஞ்சி வீடு. அம்மாவுக்கு எப்போதும் பாதிக் கண்தான் திறந்திருக்கும். பத்துப் படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயதில் அப்படி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அழகுராசாவுக்கு முப்பது வயதில் சர்க்கரை, முப்பத்தைந்தில் காதில் மிஷின். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஒரு பம்ப் செட்டைத் தூக்கி மேஜையில் வைப்பதற்குள் அவன் கை நடுங்கும். பார்க்கிறவர்கள் "தின்னுட்டுத் தூங்குற உடம்பு" என்பார்கள். அவனும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

தங்கச்சி தாமரைச்செல்வியின் முதல் பையன் கவின் நிற்கப் பழகி, பிறகு நிற்க மறந்து, மூன்று வயதில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மதுரையில் டாக்டர் ஜுனைதா உண்மையைச் சொன்னார்.

"உங்க வீட்டுல யாரும் சோம்பேறி இல்லைங்க. இது வியாதி" என்றார் அவர். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூத்துக்கணக்குல மைட்டோகாண்ட்ரியா இருக்கு. சாப்பிடுற சோறையும் இழுக்கிற மூச்சையும் வச்சு உடம்புக்குக் கரண்டு எடுத்துக் கொடுக்கிறது அதுதான். நீங்க மோட்டார்க்காரர்தானே? உங்க குடும்பத்துல பாதிக்கு மேல காயில் கருகின கேஸ். உங்களுக்கு ஓரளவு நல்லது மிஞ்சியிருக்கு, அதனால சர்க்கரையோட காதோட நின்னுருச்சு. கவினுக்கு அவ்வளவும் கருகினதாவே வந்து விழுந்துருச்சு. மூளை, இருதயம், தசைன்னு கரண்டு அதிகமா இழுக்கிற இடம்தான் முதல்ல அணையும்."

"அப்ப அடுத்த பிள்ளைக்கும் இப்படித்தான் வருமா டாக்டர்?"

"வராமப் பண்ணலாம். உங்க தங்கச்சி முட்டையில இருக்கிற உட்கருவை மட்டும் பதமா எடுத்து, நல்ல மைட்டோ இருக்கிற வேற ஒரு பொண்ணோட முட்டையில வைப்போம். அந்தப் பொண்ணோட உட்கருவை முன்னாடியே எடுத்திருப்போம். கண்ணு, மூக்கு, குணம் எல்லாம் உங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் கொடுக்கிறதுதான். கரண்டு மட்டும் வேற லைன்ல இருந்து."

அந்தச் சிகிச்சை மதுரைக்கு வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மைட்டோ மார்க்கும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தாமரை மாட்டேன் என்றுதான் சொன்னாள். இன்னொரு பிள்ளையையும் தூக்கிக் கொடுக்க முடியாது என்று அழுதாள். அழகுராசாதான் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தான். அவளுக்காக மட்டும் பேசினான் என்று சொன்னால் அது பொய். கவினுக்கு உடம்பு தேறட்டும், தேறட்டும் என்று காதுகுத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் தாய்மாமன் மடியில் அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட மாலையோடு உட்காரவில்லை. ஒரு பிள்ளையையாவது மடியில் வைத்துக் காது குத்திப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்படியாகப் பிறந்தவள்தான் யாழ்மொழி. பதினோரு மாதம் ஆகிறது. ஒன்பதாம் மாதமே நடந்தாள். எட்டு மாதத்தில் தொட்டிலின் கொக்கியைக் கழற்றினாள். தூங்குமூஞ்சி வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பத்து மணிக்கு நல்ல நேரம். ஒன்பதரைக்கு வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழங்கள், பலகாரம் என்று ஐந்து சீர்த்தட்டுகளைத் தனியாளாகச் சுமந்துகொண்டு உள்ளே வந்தான்.

"யாழ்மொழி பாப்பா காதுகுத்து இங்கதானேண்ணே?" என்று அழகுராசாவிடமே கேட்டான். "எம்பேரு மாரிக்கனி. சாத்தூர்ப் பக்கம். பாப்பாவுக்கு நான் தாய்மாமன்."

அழகுராசா காது மிஷினைச் சரி செய்துகொண்டான். "யாருக்குத் தாய்மாமன்?"

"பாப்பாவுக்குத்தான்."

"அப்ப நான் யாருய்யா?"

மாரிக்கனி ஃபிளெக்ஸில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். "நீங்களும்தாண்ணே."

பிறகு தயங்கித் தயங்கி விவரம் சொன்னான். திராட்சை லோடு ஏற்ற அடிக்கடி கம்பம் வருகிறவன் அவன். புதன்கிழமை பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது போர்டைப் பார்த்திருக்கிறான். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று போனை எடுத்திருக்கிறான். அவன் நீட்டிய போனில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே பதினாறு இலக்கம். "எங்க அக்கா முட்டை கொடுத்தப்ப தந்த பேப்பரு. வகையும் நம்பரும் ஒண்ணா இருக்கு, நீங்களே பாருங்கண்ணே."

அழகுராசா ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். எட்டு இருந்த இடத்தில் எட்டு இருந்தது, மூன்று இருந்த இடத்தில் மூன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேரைச் சொல்லாமல், முகத்தைக் காட்டாமல், கையெழுத்துக்கு மேல் கையெழுத்து வாங்கிப் பூட்டி வைத்திருந்த ரகசியத்தை, ஊர் நடுவில் லைட்டு வெளிச்சம் போட்டுக் காட்டியவன் தான்தான் என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது.

விஷயம் மண்டபம் முழுக்கப் பரவ ஐந்து நிமிடம் ஆகவில்லை. தாமரையின் மாமியார் வெள்ளத்தாயி முதலில் மாரிக்கனியைப் பார்க்கவில்லை, தட்டுகளைத்தான் பார்த்தார். கொலுசைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். "வீடு தேடி வந்த சொந்தத்த வாசல்ல நிக்க வச்சாப் பேசுறது? உள்ள வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். தட்டுகள் உள்ளறைக்குப் போயின.

"அத்தே, தாய்மாமன் நான் இருக்கேன்ல?" என்றான் அழகுராசா.

"இருங்க, யாரு வேணாம்னா? ரெண்டு மாமன்னா ரெண்டு சீரு. பிள்ளைக்குக் குடுப்பினை."

நியாயம் கேட்க ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் பால்ச்சாமி வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை. ஊரில் எந்த வழக்கானாலும் முதலில் நாற்காலி போடுகிறவர் அவர்தான். விருந்தாளியாக வந்திருந்த டாக்டர் ஜுனைதாவைக் காபியும் கையுமாக இழுத்து வந்து சாட்சியாக்கினார்கள்.

"சட்டப்படி முட்டை கொடுத்தவங்களுக்கும் குழந்தைக்கும் எந்தப் பாத்தியதையும் கிடையாது" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"சட்டம் கெடக்கட்டும் டாக்டரம்மா. விஞ்ஞானம் என்ன சொல்லுது?"

டாக்டர் அழகுராசாவைச் சங்கடத்தோடு பார்த்தார். "மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். ஆம்பளைகிட்டயும் இருக்கும், ஆனா அவரோட நின்னுரும், அவர் பிள்ளைக்குப் போகாது. ஒரு தாய் வயித்துல பிறந்த எல்லாருக்கும் ஒண்ணுதான். அதனால சாதாரணமா ஒரு குழந்தைக்கும் அதோட தாய்மாமனுக்கும் ஒரே மைட்டோதான் இருக்கும்."

"ஆகா! நம்ம முன்னோர் சும்மாவா மாமன் மடியில வச்சாங்க!" பால்ச்சாமி தொடையில் தட்டினார். "சரி, இந்தப் பிள்ளையோட மைட்டோ இங்க யாருக்கு இருக்கு?"

"அவருக்கு" என்று டாக்டர் மாரிக்கனியைக் காட்டினார்.

அழகுராசாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அப்ப எனக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணுமில்லையா டாக்டர்?"

"அய்யோ, அப்படி இல்லைங்க. மொத்தம் இருபதாயிரம் ஜீனுக்கு மேல இருக்கு. அதுல மைட்டோவுல இருக்கிறது வெறும் முப்பத்தேழு. மிச்சம் அத்தனையும் உங்க தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் கொடுத்ததுதான்."

பால்ச்சாமி போனில் கணக்குப் போட்டார். "பாயின்ட் ஒண்ணு எட்டு அஞ்சு சதவீதம். கால் சதவீதம்கூடத் தேறல. இதுக்கு ஒரு மாமனா?"

வெள்ளத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பெரிய கணக்கு? ஒரு பானைப் பாலுக்கு ஒறை எம்புட்டு ஊத்துறோம்? ஒரு சொட்டு. பால் பூராவும் எதனால தயிராகுது? இந்தப் பிள்ளை இன்னைக்கு எந்திரிச்சு நடக்குதுன்னா அந்த ஒரு சொட்டுலதான். அந்தத் தம்பியும் மாமன்தான்."

சபை அசந்துவிட்டது. இருபதாயிரமும் முப்பத்தேழும் தெரியாத மனுஷி, ஒரு சொட்டு உறையில் டாக்டரின் படிப்பையும் வாத்தியாரின் கணக்கையும் அடித்து வீழ்த்திவிட்டார். டாக்டரே மெல்லத் தலையாட்டினார். உள்ளறையில் இருந்த கொலுசுதான் இந்த ஞானத்தைக் கொடுத்தது என்று சொன்னால் அது என் வாய்க்கொழுப்பு.

ஆக, ஆளுக்கொரு காது என்று தீர்ப்பானது. அதோடு முடிந்ததா? வலது காது யாருக்கு என்று அடுத்த வழக்கு. பெண் பிள்ளைக்கு எந்தக் காதை முதலில் குத்துவது என்பதில் இரண்டு கட்சி. அரை மணி நேரம் போனது. நல்ல நேரமும் போய், அடுத்த நல்ல நேரத்தைத் தேடினார்கள்.

"டாக்டரம்மா, அந்த மைட்டோ எந்தக் காதுல ஜாஸ்தி இருக்கும்?" என்று கேட்டார் பால்ச்சாமி.

"ரெண்டு காதுலயும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"அப்படிப் பொத்தாம் பொதுவாச் சொன்னா எப்படி? படிச்சவங்க ஒரு பக்கம் சாயணும்ல?"

இத்தனை பேச்சிலும் தாமரைச்செல்வியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தூணோரமாக உட்கார்ந்து, நழுவி நழுவி ஓடும் மகளைப் பிடித்து இழுத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரத்தினவேலு ஒலிபெருக்கிக்காரனோடு மும்முரமாக வயர் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் வழக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது ஒரு வயர் கிடைத்துவிடும்.

கடைசியில் அழகுராசாவுக்கு வலது, மாரிக்கனிக்கு இடது என்று முடிந்தது. அழகுராசாவுக்கு நெஞ்சு ஆறவில்லை. வந்தவன் மேல் கோபப்பட முயன்று பார்த்தான். அவனோ இடதோ வலதோ ஒன்றும் பேசாமல், இட்லித் தட்டைத் தட்டிவிட்டு ஓடும் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பால்ச்சாமி மைக்கைக் கையில் எடுத்தார். சீர் கொண்டு வந்த மாமன் பேரை மைக்கில் சொல்லாமல் சபை நடக்காது. "முதலாவதாக, கம்பம் தாய்மாமன் அழகுராசா அவர்கள். இரண்டாவதாகச் சாத்தூர்த் தாய்மாமன் மாரிக்கனி அவர்கள்..." நிறுத்தி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "தம்பி, நீங்க எந்த வகையறான்னு சொல்லவே இல்லையே?"

"வகையறான்னா?"

"சாத்தூர்ல எந்தப் பக்கம் வீடு?"

"ஊருக்குக் கெழக்கங்கய்யா."

"ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியவா?"

மாரிக்கனிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்விதான். ஒளிக்காமல் சொன்னான். "வெளியதாங்கய்யா."

பால்ச்சாமி மைக்கை அணைத்து, நாற்காலியில் வைத்து, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாரிக்கனிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வேறு இடத்தில் வேலை வந்தது. வெள்ளத்தாயி எழுந்து நேராக டாக்டரிடம் போனார்.

"ஏம்மா, இதையெல்லாம் பாத்துப் போட மாட்டீகளா?"

"எதைம்மா?"

"எந்த ஆளுகளோடதுன்னு பாத்து."

"நாங்க வியாதி இருக்கா இல்லையான்னுதான்மா பாப்போம்."

"சரி, போனது போகட்டும். அத மட்டும் எடுத்துட்டு நம்ம ஆளுக யாரோடதாச்சும் மாத்தி வச்சிரலாம்ல?"

டாக்டர் அந்தம்மாவையே பார்த்தார். "குழந்தை உடம்புல லட்சம் கோடிக் கணக்குல செல் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்குல இது இருக்கு. எதுல இருந்து எடுக்கச் சொல்றீங்க?"

"எடுங்க. எம்புட்டு நாளானாலும் நாங்க இருந்து கூட்டிட்டுப் போறோம்."

"எடுத்தா உங்க பேத்தி இருக்க மாட்டாம்மா."

வெள்ளத்தாயி அதையும் ஒரு வழியாக யோசிக்கிறவர் மாதிரி பேத்தியை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவர் தாமரையிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒறை மாறிப்போச்சுன்னா பானையே மாறிப்போச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டு அடுப்பங்கரைக்குள்ள, சாமி ரூமுக்குள்ள இத எப்படி விடுறது, நீயே சொல்லு."

தாமரை குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இது வரைக்கும் மடி யாருடையது என்றிருந்த வழக்கு, இப்போது பிள்ளைக்கு வீடு உண்டா இல்லையா என்று ஆகிவிட்டது.

அப்போது மாரிக்கனி பேசினான். "அய்யா, ஒரு நிமிசம்." போனை எடுத்து, ஃபிளெக்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "தப்பு எம்மேலதான். கடைசி ரெண்டு நம்பரு வேற. இங்க முப்பத்தெட்டு, எங்க அக்கா பேப்பர்ல எண்பத்து மூணு. நான்தான் சரியாப் பாக்காம வந்துட்டேன். பாப்பாவுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எல்லாரும் மன்னிச்சுக்கங்க."

அழகுராசாவுக்குத் தெரியும். கடைசி இரண்டு இலக்கம் இரண்டிலும் எண்பத்து மூன்றுதான். ஒன்றுக்கு இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தவன் அவன். மாரிக்கனி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். காட்டிக் கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. அழகுராசா வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது, தனக்கு இரண்டு காதும் திரும்பக் கிடைக்கிறது. வாய் தானாக மூடிக்கொண்டது.

மண்டபமே மூச்சு விட்டது. "அதானே பாத்தேன்!" என்றார் பால்ச்சாமி. "நம்ம பிள்ளை மொகத்தப் பாத்தாலே தெரியலையா?" என்றார் வெள்ளத்தாயி. அவர் அப்போதே பேத்தியை வாங்கி முத்தம் கொடுத்தார். மாரிக்கனி வாசலைப் பார்த்து நடந்தான். தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மனுஷனிடம் கேட்ட வகையறாவைக் கொலுசிடம் யாரும் கேட்கவில்லை.

மேளம் அடித்தது. அழகுராசா மாலையோடு பலகையில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். இத்தனை வருடம் ஏங்கிய மடி நிறைந்துவிட்டது, ஆனால் அவன் கண் வாசல் பக்கமே போனது.

காது குத்த வந்த ஆசாரி கம்பியை எடுத்ததுதான் தாமதம், யாழ்மொழி ஒரு உதை விட்டாள். அழகுராசாவின் மூக்குக் கண்ணாடி பறந்தது.

"இறுக்கிப் பிடிங்க மாமா."

பிடித்தான். தோளிலிருந்து விரல் வரை நடுங்கியது. அவள் முதுகை வளைத்துத் திமிறினாள். பதினோரு மாதப் பிள்ளையை அடக்க முடியாமல் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. "தலை அசையக் கூடாது மாமா, கண்ணுகிட்ட வேலை" என்றார் ஆசாரி. இரண்டாவது முயற்சியில் கம்பி விலகிக் கன்னத்தில் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

அழகுராசா அந்த ரத்தத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால், முதலில் தன் மேல்தான்.

"நிப்பாட்டுங்க" என்றான். "நம்பர் தப்பில்ல."

"என்னது?" என்றார் பால்ச்சாமி.

"பதினாறு நம்பரும் ஒண்ணுதான். நான் எண்ணிப் பாத்தேன். பிள்ளைய நீங்க ஒதுக்கிரக் கூடாதுன்னு அந்தத் தம்பி பொய் சொன்னான். நான் ஊமையா உக்காந்திருந்தேன். த்தூ, நானும் ஒரு மாமன்!" மடியில் திமிறும் பிள்ளையைக் காட்டினான். "பாத்தீகளா இவ ஒதைக்கிற ஒதைய? இது எங்க வீட்டு ஒதையில்ல. எங்க வீட்டுத் தெம்பு வேணும்னா கவினத் தோண்டி எடுத்துட்டு வந்துதான் மடியில வைக்கணும். இவ உசுரு அந்தத் தம்பி வீட்டுல இருந்து வந்தது. அது ஆகாதுன்னா இவளும் ஆகாது. வாயால சொல்லிட்டுப் போங்க."

யாரும் எதுவும் சொல்லும் முன்னால் தாமரைச்செல்வி எழுந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகத் தூணைவிட்டு நகர்ந்து, கூட்டத்துக்கு நடுவே நடந்து, வாசலுக்குப் போனாள். மாரிக்கனி கிளம்பியிருக்க முடியாது. சம்பந்தி வீட்டார் கார்கள் அவன் வேனை முன்னும் பின்னும் மறித்து நின்றன. அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். எதுவும் பேசாமல் அண்ணன் பக்கத்தில் பலகையில் உட்கார வைத்தாள். குழந்தை அழகுராசா மடியில், தலை மாரிக்கனியின் கைகளுக்குள். அந்தக் கைகளுக்குள் அவள் எத்தனை உதைத்தும் தலை அசையவில்லை. ஆசாரி இரண்டு காதையும் கண் மூடித் திறப்பதற்குள் குத்தி முடித்தார். அவள் போட்ட கத்தலில் அழகுராசா காது மிஷினைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டியதாயிற்று.

வெள்ளத்தாயியும் பால்ச்சாமியும் அவர்கள் பக்கத்து ஆட்களும் காதுகுத்தைப் புறக்கணித்தார்கள். பந்தியைப் புறக்கணிக்கவில்லை. கிடா வெட்டியிருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்து, எலும்பு குறைகிறது என்று ஒரு சண்டை போட்டு, தாம்பூலப் பையையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

போகும்போது வெள்ளத்தாயி தாமரையிடம், "நீ வர்றதுன்னா வா. இது உங்க அண்ணன் வீட்டுலயே வளரட்டும்" என்றார். தாமரை நகரவில்லை. ரத்தினவேலு இரண்டு பக்கமும் பார்த்தான். "அம்மாவ வீட்டுல விட்டுட்டு வந்துர்றேன் தாமரை" என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். எப்போது வருவான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கடைசிப் பந்தியில் நாலே பேர்தான். அழகுராசா, மாரிக்கனி, டாக்டர், மடியில் குழந்தையோடு தாமரை. யாழ்மொழி சிவந்த காதுகளோடு, குத்தியதை மறந்து, மாரிக்கனியின் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்கா ஏன் வரல?" என்று கேட்டாள் தாமரை.

மாரிக்கனி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. காலையிலிருந்து அவனிடம் என்னென்னவோ கேட்டார்கள். எண் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், வகையறா கேட்டார்கள். முட்டை கொடுத்தவள் எங்கே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை என்பது அழகுராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா இல்லக்கா" என்றான் மாரிக்கனி. "போன ஐப்பசியில பட்டாசுக் கட்டடத்துல தீப் பிடிச்சு ஆறு பேரு. அதுல அவளும் ஒருத்தி. அடையாளம் சொல்ல ஒண்ணுமில்ல, இந்தப் பேப்பர் நம்பர ஒத்துப் பாத்துத்தான் ஒடம்பக் கொடுத்தாங்க. கல்யாணம் ஆகல, பிள்ள கெடையாது. போர்டுல அந்த நம்பரப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மடியெல்லாம் நான் கேக்க வரலக்கா. அவ எங்கயோ நடந்துக்கிட்டு இருக்கான்னு கண்ணால பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். சும்மா வரக் கூடாதுன்னுதான் தட்டு."

டாக்டர் ஜுனைதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரிமாறுகிறவர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"அவங்க பேரு?" என்றாள் தாமரை.

"சங்கரேஸ்வரி."

தாமரை மகளைத் தன் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தாள். அப்பளத் தூள் ஒட்டிய வாயைத் துடைத்துவிட்டாள். "சங்கரேஸ்வரி. உங்க சின்னம்மா. சொல்லு பாப்போம், சின்னம்மா" என்றாள். யாழ்மொழி "ம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அப்பளத்துக்குப் போனாள்.

மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அழகுராசாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. முழங்கையால் அவன் தோளை இடித்தான். பிறகு, வாசலில் நடுவில் மாட்டிய வேனைச் சுற்றி இன்னும் காரை எடுக்கத் திணறிக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டாருக்கும் கேட்கும்படி, பரிமாறுகிறவரைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"என்னய்யா வேடிக்கை பாக்குற? எந் தம்பி இலையில சோறு இல்ல பாரு. நல்ல கறியா அள்ளிப் போடு."